தேவிகுளத்துக் கடைவாசலில் இருந்து: தேசந்தோறும் கிறிஸ்துமஸ்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சிந்தாமணியைப் பற்றியோ சித்தாமூரைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். "நயினாருக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். பிழைப்புக்காக இருபது வயதில் மலை ஏறி, 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தேவிகுளத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். மார்கழி மாதத்தில் இந்த மலையில் யார் எதை வாங்குகிறார்கள், யார் எதை வாங்காமல் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் கணக்கு நோட்டில் இருக்கிறது. புத்தகத்தில் படித்ததைப் பிற்பாடுதான் அந்த நோட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்கு அது நரகாசுரனை வதைத்த நாள். எங்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். வடக்கே போனால் இராமர் அயோத்தி திரும்பிய நாள். விளக்கு ஒன்று, கதை மூன்று. கிறிஸ்துமஸ் இதற்கு நேர் எதிர். பெத்லகேம், மாட்டுக் கொட்டில், குழந்தை என்று கதை எங்கும் ஒன்றுதான். விளக்கு, சோறு, நோன்பு, தேதி எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. இந்த வேற்றுமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

தேவிகுளம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறு கூப்பிடு தூரம். கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் வானம் துல்லியமாக இருந்தால், விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். மேலே வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். கொழுந்து குறைந்தால் கிலோக்காசு குறையும், கடையில் பற்று ஏறும். ஆகவே இங்கே தோட்டத் தொழிலாளியின் கிறிஸ்துமஸ் என்பது பனியும் கடனும் சேர்ந்து வரும் பண்டிகை. இதில் எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை. லயத்து வீட்டுக்குள் குடில் கட்டி, பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி காட்டுவார்கள். கதவைத் திறந்தால் வாசலில் அசல் பனி! "வெளியே இருக்கறத விட்டுட்டு என்கிட்ட பஞ்சு வாங்குறீங்களே" என்று கேட்டால், "அது நம்ம பனி மொதலாளி, இது ஏசுசாமி பனி" என்று பதில் வரும்.

இந்த மலைக்குக் கிறிஸ்துமஸ் ஒரே வழியாக வரவில்லை. துரைமார்கள் ஒரு வழியாகக் கொண்டுவந்தார்கள். மூணாற்றில் 1910-இல் கட்டத் தொடங்கிய கிறைஸ்ட் சர்ச்சைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குன்றில் கோயிலுக்கு முன்னமே கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. தோட்டத் துரை ஒருவரின் இளம் மனைவி எலினார் நைட் 1894 டிசம்பரில் காலராவில் இறந்து அங்கே முதலாவதாகப் புதைக்கப்பட்டார். கல்யாணம் முடித்து வந்த சில நாட்களிலேயே இறந்துபோன பெண். இன்று அந்தக் கோயிலில் தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடக்கிறது. இரண்டாவது வழி கத்தோலிக்க வழி. 1898-இல் தொடங்கிய கார்மல் மாதா கோயில் அதற்குச் சாட்சி. கங்காணிகளின் பின்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் மூன்றாவது வழி. அவர்கள் தங்கள் பாட்டையும் பலகாரத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான்காவதாக, கோட்டயம், கோதமங்கலம் பக்கத்திலிருந்து மலை ஏறிய சிரியன் கிறிஸ்தவர்கள். இவர்கள் எல்லாருமே டிசம்பர் 25-ஐத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரியோடு என் கடையில் அவர்கள் பிரிந்துவிடுவார்கள்.

எப்படி என்றால், சிரியன் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 1 முதல் 'இருபத்தஞ்சு நோயம்பு'. கறி, மீன், முட்டை கிடையாது. பலர் பாலையும் விடுவார்கள். அதே சமயத்தில் ஐயப்பன்மாருக்கு 41 நாள் மண்டல விரதம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் டிசம்பர் 26, 27 வரை கறுப்பு வேட்டியில் இருப்பார்கள். என் கடையில் பயறும் கடலையும் மூட்டை மூட்டையாகப் போகும். பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரர் மட்டும், "உங்க சாமிங்க எல்லாம் ஒண்ணு சேந்து என் வயித்துல அடிக்குது நயினாரே" என்பார். நியாயம்தான். ஆனால் அவர் கடையை மூடவும் மாட்டார். தமிழ் சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு இந்த நோன்பு இல்லை. அவர்களால் அவர் பிழைத்தார்.

சமணனாகப் பிறந்தவனுக்கு நோன்பு என்றால் காது நிமிரும். நோன்பும் அதை முடிக்கும் பாரணையும் எங்கள் வாழ்க்கையின் இரண்டு கரைகள். அதனால்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸ் என்றாலே கேக்கும் கோழியும் என்று எண்ணியிருந்தவனுக்கு, உலகத்தில் பாதிக் கிறிஸ்துமஸ் பட்டினியில் தொடங்குகிறது என்பது பெரிய செய்தி. எத்தியோப்பியாவில் 43 நாள் நோன்பு. இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவுமே ஆகாது. ஜனவரி 7-இல் பண்டிகை வந்ததும், நம் ஆப்பத்தைப் போலப் புளித்த மாவில் சுட்ட இஞ்செரா அப்பத்தின்மேல் கோழிக் குழம்பை ஊற்றி நோன்பை முடிப்பார்கள்.

போலந்து நாட்டுக்காரர்கள் டிசம்பர் 24 முழுக்க வயிற்றைக் காயப்போட்டு, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் பந்தியில் உட்காருவார்கள். 12 வகைப் பதார்த்தம். இறைச்சி இல்லை, மீன் உண்டு. மேசை விரிப்பின் கீழே கொஞ்சம் வைக்கோல் பரப்புவார்கள், மாட்டுக் கொட்டிலின் நினைவாக. சொல்லாமல் வரும் விருந்தாளிக்காக ஓர் இருக்கையும் ஒரு தட்டும் காலியாகவே வைத்திருப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பவர்கள். விளக்கு வைத்த பிறகு வாயில் எதுவும் போட்டால் ஏதாவது ஒரு பூச்சிக்குக் கேடு என்று வளர்ந்தவர்கள். அவர்களோ நட்சத்திரம் வரும்வரை கை நனைப்பதில்லை. அந்தக் காலித் தட்டில் நான் போய் உட்கார முடியாது. நான் எழுந்து கை கழுவும் நேரத்தில்தான் அவர்கள் உட்காருகிறார்கள்.

இந்தத் தட்டு விஷயத்தில் என் தவறு ஒன்றும் உண்டு. நான் கடை போட்ட புதிதில், கொழுந்து கிள்ளும் அக்கா ஒருவர் கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தட்டில் கேக்கும் கோழிக்கறியும் மூடிக் கொண்டுவந்தார். வருடம் முழுக்கப் பற்று வைத்து வாங்குகிறவர், மனசார ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் சுமை தூக்கும் பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் மறுநாள் லயத்தில் போய்ச் சொல்லிவிட்டான். அக்கா அப்புறம் சாமான் வாங்க வருவார், காசை வைப்பார், போவார். அவ்வளவுதான். 2 வருடம் இப்படி. வேண்டாம் என்று நேரே சொல்லியிருந்தால் அவருக்கு இத்தனை வலித்திருக்காது.

மூன்றாவது வருடம் டிசம்பர் 25, பகல் மூன்றரை மணி. அதே தட்டு. திறந்தால் முறுக்கு, அதிரசம், ஒரு சீப்பு வாழைப்பழம். "முட்டை இல்ல, தனிச் சட்டியில சுட்டது. பொழுது சாயறதுக்குள்ள தின்னுருங்க தம்பி" என்றார். அதுவரை 'மொதலாளி' என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் 'தம்பி' என்றார். நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தத் தட்டு 20 வருடத்துக்கு மேல் வந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் பகல் மூன்றரைக்கு என்பது எந்தச் சபையின் வழிபாட்டுப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் அவர் பேரப்பிள்ளைகள், இந்தப் பண்டிகைக்கு நயினார் கடைக்குத் தட்டு கொண்டுபோவதும் ஒரு சடங்கு என்றே நினைத்து வளர்ந்தார்கள். வழக்கங்கள் பிறப்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஒருவர் மனம் கோணாமல் இருக்க ஒரு வீட்டில் ஒன்று செய்கிறார்கள், அடுத்த தலைமுறைக்கு அது மரபாகிவிடுகிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் என் கடையில் இன்னொரு விற்பனை நடக்கும். கேழ்வரகு. கூழுக்கு அல்ல. கால் கிலோ, அரைக்கால் கிலோ என்று பொட்டலமாக வாங்கிப் போய், ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவுவார்கள். பண்டிகைக்குள் பச்சைப் பசேல் என்று முளைத்துவிடும். குடிலைச் சுற்றிப் புல்வெளி அதுதான். மலையாளத்தில் குடிலுக்குப் 'புல்கூடு' என்றே பெயர். நம்மூர் அம்மன் கோயில் முளைப்பாரியையும் கல்யாணப் பந்தலில் பாலிகை தெளிப்பதையும் அறிந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. கிறிஸ்தவர்களானபோது இந்த ஆட்கள் முளைப்பாரியையும் கூடவே கொண்டுபோனார்கள் என்று முடிவு கட்டி, இதைப்பற்றி ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பிரான்ஸ் தேசத்தின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில், டிசம்பர் 4-ஆம் தேதி புனித பார்பராவின் திருநாளில் சின்னத் தட்டுகளில் கோதுமை முளைக்கப்போட்டு, கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிறார்கள் என்று! பயிர் செழித்தால் அந்த வருடம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. குரோவேஷியாவில் அதையே டிசம்பர் 13-இல் செய்கிறார்கள். அவர்கள் நம்மிடம் வாங்கவில்லை, நாம் அவர்களிடம் வாங்கினோம் என்றும் சொல்லத் தெரியவில்லை. விதை போட்டு உண்கிற சாதி எங்கிருந்தாலும் பிறப்பு என்றதும் முளையைத்தான் நினைக்கிறது. என் பேச்சைத் திருத்திக்கொண்டேன். குடில் கட்டும் வழக்கத்துக்கு மட்டும் ஒரு தொடக்கம் சொல்கிறார்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிசு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நடத்திக் காட்டினாராம்.

புட்டு பிரியர்களுக்கு ஒரு செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடிகாலைப் பூசை. உழவர்கள் வயலுக்குப் போகுமுன் வழிபட ஏற்பட்டது என்கிறார்கள். நம் மார்கழி பஜனை நேரம். பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் சுடச்சுட விற்பது, மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைத்த ஊதா நிற அரிசி மாவு. மேலே தேங்காய்த் துருவலும் வெல்லமும். அதற்குப் பெயரே 'புட்டோ பும்போங்'. அங்கே வேலைக்குப் போய்வந்த மலையாளி நண்பர் ஒருவர், "எங்க வீட்டுக் குழாய்ப்புட்டு குளிச்சு சாயம் பூசிட்டு வந்த மாதிரி இருந்தது" என்றார். பனியும் ஊசியிலை மரமும் இல்லாத நாட்டார் எல்லாரும் இப்படித்தான், கையில் இருப்பதைக் கொண்டு பண்டிகையை நிரப்பியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது கோடை, கடற்கரையில் சாப்பாடு. ஜப்பானில் கிறிஸ்தவர் மிகச் சிலரே, அன்று விடுமுறையும் இல்லை. ஆனால் 1974-இல் ஒரு வறுத்த கோழிக் கம்பெனி செய்த விளம்பரம் பிடித்துக்கொள்ள, கிறிஸ்துமஸுக்கு அந்தக் கடைக் கோழி வாங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

தேதிக்கு வருவோம். ரஷ்ய சபையும் எத்தியோப்பிய சபையும் ஜனவரி 7-இல் கொண்டாடுவது நம்பிக்கை வேற்றுமையால் அல்ல, பஞ்சாங்க வேற்றுமையால். பழைய ஜூலியன் கணக்கு இப்போது 13 நாள் பின்தங்கியிருக்கிறது. நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை போடாத ஊர் எது? ஆர்மேனியர்கள் ஜனவரி 6. எருசலேமில் உள்ள ஆர்மேனியர்கள் மட்டும் பழைய கணக்குப்படி ஜனவரி 19. ஆகவே ஏசு பிறந்த பெத்லகேமிலேயே வருடத்தில் மூன்று தரம் கிறிஸ்துமஸ் வரும். உக்ரைன் நாடு 2023-இல் சட்டம் போட்டு ஜனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்கு மாறியது. ரஷ்யாவோடு போர் நடக்கையில் எடுத்த முடிவு அது. ஒரு நாள் பஞ்சாங்கத்தில் இடம் மாறுவதற்குப் பின்னால் எத்தனை இரத்தம் இருக்கிறது, பாருங்கள்.

கொண்டாடக் கூடாது என்று தடுத்த கிறிஸ்தவர்களும் உண்டு. 1647-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானதே 1958-இல்தான். இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல. நம் கண்ணன்தேவன் மலைகளை நடத்திய பின்லே கம்பெனி கிளாஸ்கோ நகரத்துக் கம்பெனி. ஸ்காட்லாந்துக்காரருக்கு வருடப் பிறப்புதான் பெரிய நாள். அவர்களுடைய தாய்நாட்டில் விடுமுறை வருமுன்னே அவர்களின் தேயிலைக் காட்டில் நம் ஆட்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் தமிழ் சி.எஸ்.ஐ. மக்களுக்கும் டிசம்பர் 31 ராத்திரி பெரிது. பாதிராத்திரி ஆராதனை, பிறகு ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த வசன அட்டை. அதைக் கண்ணாடியில் செருகி வருடம் முழுக்க வைத்திருப்பார்கள். வருடத்தின் கடைசி இரவில் விழித்திருந்து வழிபடும் இந்த முறையைப் பரப்பியவர்கள் மொரேவியர் என்னும் ஒரு சின்னச் சபையாரும், அவர்களிடமிருந்து கற்ற மெதடிஸ்டுகளும். அந்த மொரேவியர்களின் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் சாக்கில், பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரம் செய்யப்பட்டது. இன்று அது உலகப் புகழ் பெற்ற கிறிஸ்துமஸ் விளக்கு. நம் கேரளத்து நட்சத்திரம் அதன் பேரப்பிள்ளையா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூங்கில் பத்தையை வளைத்து, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து நான் விற்ற காலம் உண்டு. மூங்கிலை வளைக்க லயத்துப் பையன்கள்தான் வருவார்கள். இப்போது மடித்து வைக்கும் பிளாஸ்டிக், சின்னச் சின்னப் பல்பு. கேரளத்தில் இந்து வீட்டிலும் முஸ்லிம் கடையிலும் அது தொங்குகிறது. என் கடையிலும் தொங்குகிறது. விற்பனைக்குத்தான் என்று என் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

பரிசு தரும் தாத்தா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலந்தில் அவர் டிசம்பர் 5-ஆம் தேதியே வந்துவிடுவார். ஸ்பெயினில் ஜனவரி 6-இல் மூன்று ராஜாக்கள் தருவார்கள். இத்தாலியில் பெபானா என்ற கிழவி துடைப்பத்தில் பறந்து வருவாள். நம் தோட்டத்துத் தாத்தா பரிசு தருவதில்லை. பஞ்சுத் தாடியும் முகமூடியும் மாட்டி, டிரம் அடிக்கு ஆடிக்கொண்டு லயம் லயமாக வந்து, நம்மிடம்தான் காணிக்கை வாங்கிப் போவார்! நடுங்கும் குளிரில் பையன்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுப்பது வீட்டுக்கு வீடு கடமை. பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. வயதானவர்கள் அதைக் கேட்பார்கள், பையன்களுக்குச் சினிமா மெட்டு வேண்டும். இலங்கையில் உள்ள நம் அன்பர்கள் இந்தப் பண்டிகையை 'நத்தார்' என்பது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். நம் மலையில் 'கிறிஸ்மஸ்' என்றே நின்றுவிட்டது.

சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று. தோட்ட வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். 30, 40 வருடம் ஒரே அறையில் குடில் கட்டியவர்கள், ஓய்வு பெற்றதும் குடிலைத் தூக்கிக்கொண்டு, முகம் தெரியாத சொந்த ஊருக்குப் போகிறார்கள். எனக்கு மூன்றரை மணிக்குத் தட்டு கொண்டுவந்த அக்காவும் அப்படித்தான் சங்கரன்கோவில் பக்கம் போனார். அங்கே தேயிலையும் இல்லை, உறைபனியும் இல்லை. கிறிஸ்துமஸும் பொங்கலும் சேர்ந்தாற்போல அங்கே வெயிலாக இருக்கிறது தம்பி என்று ஒரு தடவை போனில் சொன்னார். சில வருடம் கழித்துக் காலமானார்.

அவர் பேரன் கொச்சியில் கம்பெனி வேலையில் இருக்கிறான். போன வருடம் டிசம்பர் மூன்றாம் தேதி அவனிடமிருந்து போன். "தாத்தா, பாட்டி கேழ்வரகு எப்ப ஊறப்போடும்?" அவன் பிளாட்டின் பால்கனியில் குடில் வைக்கப் போகிறானாம். தேவிகுளத்துக் குளிரில் முளை நிதானமாகத்தான் வரும், அதனால் நாலாம் தேதியே போட்டுவிடுவாள் என்றேன். கொச்சிச் சூட்டுக்குப் பத்து நாள் தாராளம், முன்னாலேயே போட்டால் பண்டிகைக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், பதினாலாம் தேதி போடு என்றேன். ஒரு கிலோ அனுப்புகிறீர்களா என்று கேட்டான். கால் கிலோவே அதிகம் என்று சொல்லிப் பொட்டலம் கட்டினேன்.